கொசுறு

தார்த்துவில் டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
கடைசிப் போர்வையை மடித்து வைத்துவிட்டு
பேருந்தில் வீடு வந்து
கணினி முன் உட்கார்ந்தால்
அங்கே இன்னும் வெயில்.

பதினோரு இரவு பிடித்தது அந்த விளக்குக்கு.
கூம்புக் கண்ணாடி, கொக்கி,
கரி படிந்த உள்விளிம்பு,
சுடரைச் சுற்றிவர ஒரு விட்டில்.
விளையாட்டின் அங்காடியில் ஏற்றியபோது
"விலை?" என்று கேட்டது ஒரு வெற்றுக் கட்டம்.
அதுவரை என்னை யாரும்
அப்படிக் கேட்டதில்லை.
சலவைக்கூடத்தில் விலையை அவர்கள்தான் சொல்வார்கள்.

இரண்டு யூரோ என்று அடித்தேன்.
ஒரு காப்பியைவிடக் குறைவு.
அதில் ஒன்று நாற்பது நிறுவனத்துக்கு.
நிலம் அவர்களுடையது, வானம் அவர்களுடையது,
விளக்கை மாட்டும் ஆணியும் அவர்களுடையதே.
மேல்வாரம் போக
அறுபது சென்ட்
என் கண்ணெரிச்சலுக்கு.

மரகைபோவிலிருந்து யுரைமா எழுதினாள்.
எங்கள் குழுவின் மருத்துவச்சி.
பனிக்குகையில் என்னை நாலு முறை உயிர்ப்பித்தவள்.
"விர்வே, விளக்கு அழகு.
இங்கே அது இரண்டு நாள் சோளமாவு.
குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.
கரண்ட் போகப்போகிறது, நாளை பார்ப்போம்."

சும்மா சொன்னதுதான்
தூங்கவிடவில்லை.
ஒரு காப்பியும் இரண்டு நாள் மாவும்
எந்தத் தராசில் சமமாய் நிற்கும்?

மறுநாள் இருபது சென்ட் ஆக்கினேன்.
எனக்கு ஆறு.
ஒரு ராத்திரி முழுக்க
மனசு உலர்ந்த துண்டுபோல் லேசாக இருந்தது.

பிறகு வந்தார் ரோடெல், சீபூவிலிருந்து.
அவரும் விளக்குக்காரர்.
எனக்கு இது சலவைக்குப் பிறகான வேலை,
அவருக்கோ அரிசி, வாடகை,
மாமனாரின் பல்செட்.
"நீங்கள் நல்லவர், அதுதான் தொல்லை.
நல்லவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றால்
அடி எங்கள் வயிற்றில் விழுகிறது.
இந்த வாரம் மூன்றுதான் போனது.
அதில் ஒன்று என் தங்கை வாங்கியது."

பதில் எழுதினேன். அழித்தேன்.
எழுதினேன்.
அதற்குள் எவனோ
என் விளக்குகளை நூறு நூறாய் அள்ளி
ஏலத்தில் ஐந்து யூரோவுக்கு விற்றுக்கொண்டிருந்தான்.
நான் யுரைமாவுக்கென்று வைத்த விலை
அவனுக்குத்தான் எட்டியிருக்கிறது.
நிறுவனம் இரண்டு கையிலும்
வாரம் அளந்துகொண்டது.

திரும்பவும் இரண்டு யூரோ.
நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.
ரோடெல் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
யுரைமாவுக்குப் பரிசாக அனுப்பப் பார்த்தேன்.
"உங்கள் பிரதேசத்திலிருந்து அந்தப் பிரதேசத்துக்கு
இவ்வசதி இல்லை" என்றது
அதே கட்டம்.

சரி.
என் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு
மலை இறங்கி, படகேறி,
சதுப்பைத் தாண்டி
அவள் குடிசைக்குப் போனேன்.
வாசலில் நின்றேன்.
தூக்கிப் பிடிக்கக் காசு கேட்பதில்லை.

அவள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.
சுவரெல்லாம் வெளிச்சம் ஏறியது.
"உன் விட்டில் ஏழாவது சுற்றில் தடுக்குகிறதே?"
"நாலாம் இரவு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.
ஒரு ஃபிரேம் விட்டுப்போனது. திருத்தணும்."
"திருத்தாதே. அதற்கு எவ்வளவு?"
"அது கொசுறு."

சிரிப்பதற்கான சைகையைத் தேடினாள் போல,
கை பாதி உயர்ந்தது.
அங்கே கரண்ட் போனது.
இருந்த இடத்தில் அவள் இல்லை,
அம்மியும் இல்லை.

ஐந்தரைக்கு எனக்குப் போர்வைகள்.
இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.
நிற்கிறேன்.
விட்டில்
ஐந்து,
ஆறு,